தாயகம் மீண்ட குதிரைகள்

நெடும்பயணம் புறப்படுவோரை வழியனுப்ப ஊர் திரண்டு வரும். குறித்த இடத்தை அடைந்தோரை எதிர்கொள்ள மாலையும் முழவும் காத்திருக்கும். ஆயினும், சென்றவர் தம் ஊர் மீளும் வழியை நோக்குவார் மிகச் சிலரே. புகழெல்லாம் போகும் வழியிலேயே செலவாகிவிடும். மீளும் வழிக்கு எஞ்சுவன களைப்பும் கடமையுமே ஆகும். உடன் வந்த துணைவர் வாயுடையவராயின், "என்னையும் என் வீட்டிற் கொண்டு சேர்ப்பாயாக" என்று கேட்பர். வாயில்லா உயிர்களோ அங்ஙனம் கேட்கமாட்டா. கேளாத துணைக்கும் கடமை தவறாது நின்ற ஒருவரின் வரலாறு அறியத்தக்கது.

குதிரைகள் கடல் கடந்து செல்வது பழங்காலந்தொட்டே உள்ள வழக்கம். சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கலங்களில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் பாண்டிநாட்டிற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பல்களில் வந்தமையையும், தக்க பேணுதல் இன்மையால் அவை விரைவில் மடிந்தமையையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியுள்ளார். முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, ஆஸ்திரேலியா ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து அனுப்பியது. அவற்றுள் தன் நாடு மீண்டது ஒன்றே ஒன்று. போரில் மாண்ட படைத்தலைவர் ஒருவரின் ஊர்தியாகிய 'சாண்டி' என்பதே அது. குதிரைகளுக்குக் கடல்வழி பெரும்பாலும் ஒருவழியாகவே இருந்துவந்தது. அவ்வழியே திரும்பிவந்த இரண்டு குதிரைகளின் பெயர்கள் மான்ச்சா, காத்தோ என்பன.

எமே சிஃபெலி என்பவர் சுவிட்சர்லாந்து நாட்டிற் பிறந்தவர். தென்னமெரிக்காவிலுள்ள ஆர்ஜென்டினா நாட்டில் ஒரு பள்ளியின் ஆசிரியராகப் பணியாற்றியவர். பாடம் சொல்லிக் காலங்கழித்த அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. ஆர்ஜென்டினாவின் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகராகிய நியூயார்க் வரை குதிரைமீது செல்லவேண்டும் என்பதே அவ்வெண்ணம். அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வழி ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். ஆண்டீசு மலைத்தொடரும், பெரு நாட்டுக் கடலோரப் பாலைகளும், நடு அமெரிக்காவின் அடர்ந்த காடுகளும் அவ்வழியில் உள்ளன.

செய்தியறிந்தோர் சிரித்தனர். செய்தித்தாள்கள் சில, அவரைப் பித்தர் என்றே எழுதின. வேறு சிலர், "இம்மனிதர் தம் வீண்பெருமைக்காக இரண்டு விலங்குகளைக் கொல்லப்போகின்றார், இது கொடுமை" என்று பழித்தனர். பித்தர் என்ற பழியைப் பயணத்தை முடித்துப் போக்கிவிடலாம். கொடியவர் என்ற பழியோ அங்ஙனம் போவதன்று. குதிரைகள் உயிரோடு தம் புல்வெளியை மீள அடைந்தாலன்றி அதற்கு விடையில்லை.

சிஃபெலிக்குக் குதிரைகளை அளித்தவர் எமிலியோ சொலானெட் என்னும் அறிஞர். அவர் கால்நடை மருத்துவம் கற்றவர். ஆயக்குச்சோ என்னும் ஊரையடுத்த 'எல் கார்தால்' என்னும் பண்ணைக்கு உரியவர். 'கிரியோல்லோ' என்னும் நாட்டுக் குதிரையினம் அழிந்துபோகாமற் காத்தல் வேண்டுமென்பது அவர்தம் வாழ்நாள் நோக்கம். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டார் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தது அவ்வினம். 1536-இல் நிறுவப்பட்ட குடியிருப்பைச் சில ஆண்டுகளில் அவர்கள் கைவிட்டபோது, குதிரைகள் பாம்பாசு என்னும் பரந்த புல்வெளியிற் சிதறிக் காட்டுயிர்களாயின. வெயிலும் பனியும் பசியும் நீர்வேட்கையும் வலியற்றவற்றை அழித்தன. எஞ்சியவை வைரம் பாய்ந்த உடலும் கூர்ந்த அறிவும் பெற்றன. உயரத்திற் குறைந்தவையும் தோற்றப்பொலிவு அற்றவையும் ஆதலின், செல்வர் அவற்றை மதித்திலர். வெளிநாட்டு உயர்குதிரைகளையே விரும்பினர். நாட்டுக் குதிரையின் பெருமையை உலகறியச் செய்ய இப்பயணம் உதவும் என்று சொலானெட் கருதினார்.

அவர் தந்த குதிரைகள் இரண்டும் இளங்குதிரைகள் அல்ல. பதினைந்து வயதை ஒட்டியவை. தெற்கே படகோனியாவில் தெகுவெல்ச்சே என்னும் பழங்குடியினரிடமிருந்து வாங்கப்பெற்றவை. மான்ச்சா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கறை அல்லது புள்ளி என்பது பொருள்; செந்நிற உடலில் வெண்திட்டுகள் பரந்திருந்தமையால் அப்பெயர் பெற்றது. காத்தோ என்றால் பூனை. அது பழுப்பு நிறம் உடையது. மான்ச்சா செருக்கும் விழிப்பும் மிக்கது. சிஃபெலியன்றிப் பிறர் தன்மீது ஏற இசையாதது. காத்தோ அடக்கமும் அமைதியும் வாய்ந்தது. இயல்பால் வேறுபட்ட இவ்விரண்டும் நட்பால் ஒன்றுபட்டிருந்தன. ஒன்றைச் சிறிது தொலைவு பிரித்துக் கொண்டுசெல்லினும் மற்றொன்று கனைத்து அழைக்கும்.

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பயணம் தொடங்கிற்று. ஒரு குதிரைமீது சிஃபெலி ஏறிவர, மற்றொன்று மூட்டை சுமந்து வரும். ஏறுவதும் சுமப்பதும் முறைமாறும். இரவில் அவர் அவற்றைக் கட்டிப்போடுவதில்லை. யாருமற்ற காட்டிலும் மேட்டிலும் அவிழ்த்துவிட்டு உறங்குவார். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் இரண்டும் அண்மையிலேயே நிற்கும். கயிறு செய்யாத காவலை அன்பு செய்தது.

பொலிவியா நாட்டில் அவர்கள் கடந்த எல் கொந்தோர் என்னும் கணவாய் 5,900 மீட்டர் உயரம் உடையது என்பர். மூச்சுக்கு வேண்டிய காற்றும் அருகிய அவ்விடத்தை இரு குதிரைகளும் கடந்தன. ஆண்டீசு மலையில் மற்றொரு நாள் காத்தோ குறுகிய வழியில் அடி வழுவிச் சரிவிற் சறுக்கி வீழ்ந்தது. கீழே அதலபாதாளம். சரிவில் நின்ற ஒற்றை மரம் ஒன்று அதனைத் தாங்கிக்கொண்டது. வேறொரு விலங்காயின் அச்சத்தால் உதறித் தானே அழிந்திருக்கும். காத்தோவோ, உதவி வரும்வரை அசையாது கிடந்தது. மேலே நின்ற மான்ச்சா கனைத்த வண்ணம் இருந்தது. கயிறுகளாற் கட்டிக் காத்தோவை மேலேற்றிய பின்னரே மனிதர் பெருமூச்சு விட்டனர்.

கொலம்பியாவிற்கும் பனாமாவிற்கும் இடையே தாரியன் என்னும் சதுப்புக் காடு உள்ளது. அதனூடே குதிரைவழி இன்மையால், கார்த்தஹேனா துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் பனாமாவை அடைந்தனர். பின்னர் மெக்சிகோ நாட்டிற் காத்தோ ஊறுபட்டுக் காலூன்ற இயலாதாயிற்று. சிஃபெலி அதனை அவ்விடத்தே விற்றுவிட்டு வேறொரு குதிரை வாங்கியிருக்கலாம். வழிப்போக்கர் பலர் செய்வது அதுவே. அவர் அவ்வாறு செய்யாமல், காத்தோவைப் புகைவண்டியில் மெக்சிகோ நகரத்திற்கு அனுப்பினார். தாம் மான்ச்சாவுடன் தரைவழியே சென்றார். அந்நகரில் இரண்டும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறொரு இடர் எதிர்ப்பட்டது. மலையும் பாலையும் செய்யாத தீங்கை மோட்டார் வண்டிகள் செய்யத் தொடங்கின. நெருக்கம் மிக்க சாலைகளில் இரு குதிரைகளை ஒருங்கே நடத்திச் செல்லுதல் அரிதாயிற்று. எனவே காத்தோவைச் செயின்ட் லூயிசு நகரில் நிறுத்திவிட்டு, மான்ச்சாவுடன் மட்டும் அவர் மேற்சென்றார். வாஷிங்டன் நகரில் நாட்டின் தலைவர் கால்வின் கூலிட்ஜ் அவரை வரவேற்றார். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் நியூயார்க் நகரம் அவரை எதிர்கொண்டது.

பயணம் முடிந்தது, உலகம் கைகொட்டியது. இனிக் குதிரைகளால் ஆகவேண்டுவது ஒன்றுமில்லை. கதை முடிந்ததென்று பலர் கருதும் இவ்விடத்திலேதான் ஒருவரின் உள்ளம் வெளிப்படும். குதிரைகளோ முதுமையை நெருங்கியவை. அவற்றைத் தாயகம் கொண்டுசெல்லக் கடல்வழிச் செலவு மிகுதி, இடரும் மிகுதி. புகழ்பெற்ற குதிரைகளை அந்நகரிலேயே விட்டுவிட்டால், காண்பவர்க்குக் காட்சிப்பொருளாய் அவை நன்கு உண்டு வாழலாம். விட்டுச் சென்றாலும் பழிப்பார் இலர். ஆயினும் சிஃபெலி வேறு வகையாக எண்ணினார். பாம்பாசுப் புல்வெளியிற் காற்றோடு ஓடி வளர்ந்தவற்றுக்குக் கல்லும் இரும்பும் சூழ்ந்த நகரம் வீடாகுமோ? எங்கிருந்து அழைத்துவந்தாரோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த பின்னரே தம் பயணம் முடிந்ததாகும் என்பது அவர் துணிபு.

செயின்ட் லூயிசில் நின்ற காத்தோ வருவிக்கப்பட்டது. நியூயார்க்கின் மாடிசன் சதுக்கப் பேரரங்கில் நடைபெற்ற குதிரைக் காட்சியில் இரண்டும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பொன்னும் பட்டும் அணிந்த உயர்குதிரைகளுக்கு இடையே, மலையும் சேறும் கடந்த இம்முதிய குதிரைகளைக் காணவும் மக்கள் வந்தனர்.

தென்னமெரிக்காவிற்குச் செல்லும் 'வெஸ்ட்ரிஸ்' என்னும் கப்பலில் அவர்கள் திரும்புவதற்கு ஏற்பாடாகியிருந்தது. அவ்வேளையில், தேசிய புவியியற் கழகத்தில் தம் பயணத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுமாறு சிஃபெலிக்கு அழைப்பு வந்தது. அதனை ஏற்றமையால் புறப்பாடு தள்ளிப்போயிற்று. வெஸ்ட்ரிஸ் 1928 நவம்பர் 10-ஆம் நாள் அவர்கள் இன்றியே நியூயார்க்கை விட்டு நீங்கியது. புயலிற் சிக்கி, நீர் உட்புகுந்து, ஒருபுறமாகச் சாய்ந்த அக்கப்பல் 12-ஆம் நாள் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலிலிருந்த குழந்தைகளுள் ஒன்றேனும் பிழைக்கவில்லை. மூழ்குங்கப்பலில் மனிதருக்கே படகு போதாதபோது, கொட்டிலிற் கட்டுண்ட குதிரைகளை யார் நினைப்பார்? மூன்றாண்டு பட்ட பாடெல்லாம் கடலடியில் முடிந்திருக்கும். தற்செயலாய் வந்த ஓர் அழைப்பு அவர்கள் மூவரையும் காத்தது.

அச்செய்தி கேட்ட பின்னும் கடல்வழியன்றி வேறு வழியில்லை. நியூயார்க்கிலிருந்து புவெனஸ் அயர்ஸ் செல்ல அந்நாளிற் கப்பல்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். குதிரையை இங்ஙனம் நெடுந்தொலைவு கொண்டுசெல்லுதல் எளிய செயலன்று. அதன் காரணங்களை அறிந்தாலே, அப்பொறுப்பின் அருமை புலனாகும்.

குதிரை நடப்பதற்கென்றே அமைந்த உயிர். அது நடக்குங்கால் கால்களிற் குருதி நன்கு ஓடும். குடலும் செவ்வனே தொழிற்படும். பல நாள் ஒரே இடத்தில் நிறுத்தினால் கால்கள் வீங்கும். உண்ட உணவு செரியாமல் வயிற்றுவலி தோன்றும். மனிதர் கடற்பயணத்தில் வாந்தியெடுத்துத் தேறுவர். குதிரைக்கோ அவ்வாய்ப்பும் இல்லை. அதன் இரைப்பையின் வாயில் உணவை உள்ளே விடுமேயன்றி வெளியே விடாது. எனவே, குதிரையின் வயிற்றுநோய் உயிருக்கே கேடாக முடிதலும் உண்டு. இதனால் பயணக்காலத்திற் கொள்ளு முதலிய தானியங்களைக் குறைத்து, உலர்ந்த புல்லையும் தூய நீரையும் மிகுதியாகத் தருதல் வேண்டும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். வெப்பம் மிகுந்தால் அதன் அளவும் மிகும்.

தலையை உயர்த்தியே கட்டிவைத்தலும் தீங்கு தரும். மேயும்போது குதிரை தலையைத் தாழ்த்துவதால், மூச்சுக்குழலிற் சேரும் தூசும் சளியும் வெளியேறுகின்றன. தலை தாழ இடமின்றேல் அவை நுரையீரலிற் புகுந்து காய்ச்சலை உண்டாக்கும். குதிரை நின்றபடியே உறங்கும் என்பர், அது உண்மையே. தன் கால்மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு, விழாமல் நின்றவாறே அரைத்துயில் கொள்ளும் அமைப்பு அதற்கு உண்டு. ஆயினும் ஆழ்ந்த துயிலுக்குச் சிறிது பொழுதேனும் அது படுத்தல் வேண்டும். அச்சம் உள்ள இடத்தில் அது படுக்காது. ஆதலின், அறிந்த முகமும் பழகிய குரலும் அருகிருத்தல் மருந்தினும் சிறந்தது.

இன்னும் ஒன்று. குதிரைகளின் மயிர் பகற்பொழுது குறையக் குறையக் குளிர்காலத்திற்காக அடர்ந்து வளரும். பகல் நீள நீள உதிரும். வடபகுதியிற் குளிர் தொடங்கும் காலத்திற் புறப்பட்டு, வெம்மை மிக்க நிலநடுக்கோட்டைக் கடந்து, தென்பகுதியின் கோடையில் இறங்குவது அவ்வுடலுக்கு ஒரு பெருஞ்சோதனை. காற்றோட்டமுள்ள கொட்டிலும் நாள்தோறும் தேய்த்துத் துடைத்தலும் இன்றேல் அது தாங்காது. மலையில் நாற்பது கல் நடத்திச் சென்றவன் வீரன் எனப்படுவான். கப்பற்கொட்டிலில் விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, நீர் காட்டி, கால் தடவிப் பார்ப்பவனை யாரும் அங்ஙனம் அழைப்பதில்லை. குதிரைக்குத் தெரிந்த வேறுபாடு அவ்விரண்டிற்கும் யாதும் இல்லை.

1928-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கப்பல் புவெனஸ் அயர்ஸ் துறையை அடைந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னர் எள்ளிய நகரம் இப்போது வரவேற்றது. இரு குதிரைகளும் தம் கால்களால் நடந்தே தாய்மண்ணில் இறங்கின. கொடுமை என்று பழித்தவர்க்கு அவ்விறங்குதலே விடையாயிற்று. பின்னர் அவை எல் கார்தால் பண்ணைக்கே மீண்டன. அதன்பின் அவற்றின்மீது எவரும் சேணம் வைத்து நெடுவழி செலுத்தவில்லை. கோடையின் பசும்புல் கண்ணுக்கெட்டிய தொலைவும் பரந்துகிடக்க, வேலையற்ற முதுமை அவற்றுக்குப் பரிசாகக் கிடைத்தது.

சிஃபெலி பின்னர் இங்கிலாந்திற் குடியேறினார். தம் பயண வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1933-இல் வெளியிட்டார். ஆண்டுகள் சில கழிந்தபின் மீண்டும் ஆர்ஜென்டினா சென்றபோது, தம் பழைய துணைகளைக் காண அவர் எல் கார்தாலுக்குப் போனார். அவர் அழைத்த குரலை அறிந்து இரண்டும் அவரை நோக்கி வந்தன என்பர். காத்தோ 1944-ஆம் ஆண்டிலும், மான்ச்சா 1947-ஆம் ஆண்டிலும் இறந்தன. குதிரைகள் பெரும்பாலும் முப்பது வயதை எட்டுவதே அரிது. இவையோ அதனையும் கடந்து வாழ்ந்தன. நெடும்பயணம் அவற்றைக் கொல்லவில்லை. அன்போடு பேணிய பயணமாதலின் அது வாழ்நாளைக் குறைக்கவும் இல்லை. அவற்றின் உருவங்கள் பதனிடப்பெற்று லூஹான் நகரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

சிஃபெலி 1954-ஆம் ஆண்டு லண்டன் மாநகரிற் காலமானார். நெடுங்காலத்திற்குப் பின், 1998-ஆம் ஆண்டில், அவர்தம் சாம்பல் எல் கார்தால் மண்ணிற் புதைக்கப்பெற்றது. ஒருகாலத்தில் அவர் தம் குதிரைகளை அவற்றின் வீட்டிற் கொண்டு சேர்த்தார். இறுதியில் அக்குதிரைகளின் வீடே அவருக்கும் வீடாயிற்று. மான்ச்சா நியூயார்க்கை அடைந்த செப்டம்பர் 20-ஆம் நாளை ஆர்ஜென்டினா நாடு தேசியக் குதிரை நாளாகக் கொண்டாடி வருகின்றது.

அந்நாளைக் கொண்டாடுவோர் நினைவில் எழுவது குதிரை போய்ச் சேர்ந்த பெருமையாகும். திரும்பி வந்த நாளுக்குத் திருவிழா இல்லை. ஆயினும், செய்ந்நன்றி அறிதல் என்பது உதவி பெறும்போது சொல்லும் சொல்லில் இல்லை; உதவியின் தேவை தீர்ந்தபின் செய்யும் செயலில் இருக்கின்றது. உழைக்கும் மாட்டைப் பேணுவது வேளாண்மை. உழைத்து ஓய்ந்த மாட்டைப் பேணுவது அறம். வேலை முடிந்தபின்னும் துணையை மறவாது, அதன் தொழுவம்வரை உடன் நடந்து செல்பவனே வழித்துணை என்னும் பெயருக்கு உரியவன் ஆவான்.

பயிற்சி வினாக்கள்

1. சிஃபெலியின்மீது சுமத்தப்பட்ட பழிகள் இரண்டு யாவை? அவற்றுக்கு விடை எங்ஙனம் கிடைத்தது?

2. மான்ச்சா, காத்தோ ஆகியவற்றின் இயல்புகளை ஒப்பிட்டு எழுதுக.

3. குதிரையைக் கப்பலிற் கொண்டுசெல்வது அரிதாதற்குரிய காரணங்களைத் தொகுத்துரைக்க.

4. "கயிறு செய்யாத காவலை அன்பு செய்தது": இக்கூற்றை இடஞ்சுட்டி விளக்குக.

5. நும் ஊரில் உழைத்து ஓய்ந்த கால்நடைகளைப் பேணும் முறையைப் பற்றி ஒரு பக்க அளவிற் கட்டுரை வரைக.